காப்பர் காம்ப்ளக்ஸுக்கு 330-ல பீக் வந்தா மேட்சா? வாசகர் கேள்வி, பதில்

மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி (மாலிக்யூலை அயானாக்கி, நிறையை சார்ஜால வகுத்து வர்ற நம்பரை அளக்கிற முறை) பத்தி கேளுங்கன்னு போன இதழ்ல சொன்னது தப்பா போச்சோன்னு நினைக்கிற அளவுக்கு கேள்வி வந்து குவிஞ்சிடுச்சு. அதுலயும் முக்கால்வாசி ஒரே இடத்துல வந்து நிக்குது: மெட்டல் காம்ப்ளக்ஸ் (நடுவுல உலோகம், அதைச் சுத்திப் பிடிச்சுக்கிட்டு லிகண்டுங்கிற மாலிக்யூல்கள்) பண்ணோம், மாஸ் எடுத்தோம், வந்த நம்பரும் நம்ம நம்பரும் ஒத்துப்போகல. அதனால இந்த முறை முழுக்க அதுதான். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒண்ணா சேர்த்துட்டேன், கோவிச்சுக்காதீங்க.

திருநெல்வேலியிலிருந்து ஒரு எம்.எஸ்சி மாணவி: அக்கா, சாலிசைலால்டிஹைடும் எத்திலீன் டைஅமீனும் சேர்த்து சாலன் லிகண்ட் பண்ணி, அதுல காப்பர் அசிடேட் போட்டு காம்ப்ளக்ஸ் எடுத்தேன். மாலிக்யூலர் வெயிட் 329.84. ஈஎஸ்ஐ (எலக்ட்ரோஸ்ப்ரே, கரைசலை தெளிச்சு அயானாக்குற முறை) மாஸ்ல 330.04-ல பெரிய பீக் வந்திருக்கு, கிட்டத்தட்ட மேட்ச்னு ப்ராஜக்ட்ல எழுதலாமா? கூடவே 352, 681-னு ரெண்டு பீக் இருக்கு, அது இம்ப்யூரிட்டியா?

பதில்: காம்ப்ளக்ஸ் சரியாத்தான் வந்திருக்கும்மா, ஆனா "கிட்டத்தட்ட மேட்ச்"னு மட்டும் எழுதிடாத, வைவாவுல மாட்டிப்ப. 329.84-ங்கறது சராசரி எடை. பாட்டில்ல இருக்கிற பொடிய தராசுல நிறுத்தி மோல் கணக்கு போட அது சரி. மாஸ் மெஷின் சராசரி பாக்காது, ஒவ்வொரு ஐசோடோப்பையும் (தனிமம் ஒண்ணு, நிறை வேற) தனித்தனியா பிரிச்சு காட்டும். வீட்டுல அப்பாவுக்கு 60 வயசு, பையனுக்கு 20 வயசுன்னா சராசரி 40, ஆனா 40 வயசு ஆளுன்னு அந்த வீட்டுக்குள்ள தேடினா யாரும் இருக்க மாட்டாங்க இல்லையா, அதே கதைதான். இயற்கையில கிடைக்கிற காப்பர்ல 63 நிறையுள்ளது 69 சதவீதத்துக்கு கொஞ்சம் மேல, மீதி 65. அதிகமா இருக்கிற 63-ஐ வெச்சு உன் காம்ப்ளக்ஸுக்கு கணக்கு போட்டா 329.035 வரும்.

அப்போ 330.04 எங்கிருந்து வந்துச்சு? சாலன் ரெண்டு புரோட்டானை விட்டுட்டு மைனஸ் 2 ஆகுது, காப்பர் பிளஸ் 2, கூட்டினா பூஜ்யம். சார்ஜ் இல்லாத மாலிக்யூலை எலக்ட்ரிக் ஃபீல்டால இழுக்க முடியாது, அதனால டிடெக்டர் வரைக்கும் அது வரவே வராது. ஸ்ப்ரே ஆகும்போது ஒரு புரோட்டான் ஒட்டிக்கிட்டாத்தான் உண்டு. 329.035 கூட 1.007 கூட்டிப் பாரு, 330.042. உன் பீக் அதுதான். 329.84-க்கு பக்கத்துல வந்தது தற்செயல், ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது.

352 இம்ப்யூரிட்டி இல்ல, புரோட்டானுக்கு பதிலா சோடியம் ஒட்டினது, 352.02. சோடியம் யாரும் போடலையேன்னு கேப்ப, கண்ணாடி பாட்டில்லயே இருக்கு, சால்வென்ட்லயும் இருக்கு, அதை தடுக்க முடியாது. 681 இன்னும் நல்ல செய்தி, ரெண்டு காம்ப்ளக்ஸ் ஒரு சோடியத்தை நடுவுல பிடிச்சுக்கிட்டு வருது. சாலன்ல இருக்கிற ரெண்டு ஆக்சிஜனும் ஒரே பக்கம் பாத்து நிக்கிறதால சோடியத்தை பிடிச்சுக்க நல்ல வசதி, அதனால இந்த குடும்பத்துல இந்த பீக் அடிக்கடி வரும்.

இப்போ ஜூம் பண்ணி பாரு, நிஜமான ஆதாரம் அங்கதான் இருக்கு. 330-ஐ 100-னு வெச்சா 331-ல சுமார் 18 இருக்கணும், அது பதினாறு கார்பன்ல எங்கயாவது ஒண்ணு கார்பன்-13 ஆக இருக்கிறதால. 332-ல சுமார் 46 இருக்கணும், அது காப்பர்-65 புண்ணியம். அப்புறம் 681-க்கு போ. அங்க ரெண்டு காப்பர் இருக்கு, அதனால ரெண்டுமே 63, ஒண்ணு 63 ஒண்ணு 65, ரெண்டுமே 65-னு மூணு விதம், 681, 683, 685 மூணும் ஏறக்குறைய 100-க்கு 90-க்கு 20-னு நிக்கும். ஒரு காப்பர் உள்ள அயான் இந்த வடிவத்துல வரவே முடியாது. எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்து "ரெண்டு காப்பர்னு எப்படி சொல்ற?"ன்னு கேட்டா இந்த மூணு பீக்கை காட்டு, மேற்கொண்டு பேச மாட்டார்.

கடைசியா 269-ல ஏதாவது இருக்கான்னு பாத்துடு. இருந்தா அது மெட்டல் ஏறாத வெறும் லிகண்ட், புரோட்டானோட. கொஞ்சமா இருந்தா பயப்படாத. வெறும் லிகண்ட் சுலபமா புரோட்டான் வாங்கிக்கும், அதனால துளி இருந்தாலும் பெருசா காட்டும்.

சேலத்திலிருந்து ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்: உலோகமும் கரிமச் சேர்மமும் சேர்ந்த கூட்டுப்பொருள்னா அன்றாட வாழ்க்கையில என்ன உதாரணம்? இதைப் படிக்க இந்தக் கருவி ஏன் தேவை, முன்னாடி எப்படி கண்டுபிடிச்சாங்க?

பதில்: வணக்கம் ஐயா. உங்க ரத்தத்துல இருக்கிற ஹீம், நடுவுல இரும்பு, சுத்தி போர்ஃபிரின் வளையம். கீரையில இருக்கிற குளோரோஃபில், அதே மாதிரி வளையம், நடுவுல மெக்னீசியம். டாக்டர் எழுதிக் குடுக்கிற பி12 மாத்திரை, நடுவுல கோபால்ட்.

முன்னாடி கண்டுபிடிச்ச கதை ரொம்ப அழகானது. சூரிக்ல ஆல்ஃபிரட் வெர்னர்னு ஒருத்தர், 1893-ல, உலோகத்தை சுத்தி லிகண்டுகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில, குறிப்பிட்ட திசையில உக்காந்திருக்குன்னு சொன்னார். எக்ஸ்ரே கிரிஸ்டலோகிராஃபி கிடையாது, என்எம்ஆர் கிடையாது. கரைசல்ல மின்சாரம் எவ்வளவு கடத்துது, எத்தனை ஐசோமர் (ஒரே ஃபார்முலா, வேற அமைப்பு) கிடைக்குது, இதை மட்டும் வெச்சு வருஷக்கணக்கா வாதாடி ஜெயிச்சு 1913-ல நோபல் வாங்கினார். அதே காலகட்டத்துலதான் கேம்பிரிட்ஜ்ல ஜே.ஜே.தாம்சன் நியான்ல 20, 22-னு ரெண்டு நிறை இருக்குன்னு பாத்தது, மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்கு விதை அதுதான். அவர்கிட்ட வேலை பாத்த ஆஸ்டன் 1922-ல நோபல் வாங்கிட்டார். ஆனா வெர்னரோட உப்புகளும் இந்தக் கருவியும் சந்திக்க பல பத்து வருஷம் ஆச்சு. காரணம், பழைய கருவிக்கு பொருள் ஆவியாகணும். ஃபெரோசீன் (ரெண்டு கார்பன் வளையத்துக்கு நடுவுல இரும்பு) மாதிரி, அசிட்டைல் அசிட்டோனேட் மாதிரி சூடு பண்ணா ஆவியாகிற ஜாதிக்கு ஒண்ணும் பிரச்சனை இல்ல, எலக்ட்ரான் அடிச்சு எடுத்துட்டாங்க, ஃபெரோசீனுக்கு 186, ஒரு வளையம் போனா 121, வெறும் இரும்பு 56-னு பாடப்புத்தகத்துலயே வரும். சார்ஜ் உள்ள உப்பை சூடு பண்ணா ஆவியாகாது, கருகும்.

அதை மாத்தினது எலக்ட்ரோஸ்ப்ரே. கரைசலை மெல்லிய ஊசி வழியா சில ஆயிரம் வோல்ட்ல தெளிச்சா துளி சுருங்கி சுருங்கி உள்ள இருக்கிற அயான் அப்படியே வெளிய வந்துடும். ஜான் ஃபென் யேல்ல 1980-கள்ல இதை பெரிய மாலிக்யூலுக்கு கொண்டு வந்தார், 2002-ல நோபல். 1990-ல ராக்கஃபெல்லர் யுனிவர்சிட்டில பிரையன் செய்ட் குழு இதே முறையில ருதேனியத்தோட மூணு பைபிரிடின் லிகண்ட் சேர்ந்த அயானை எடுத்துக் காட்டினாங்க, பிளஸ் 2 சார்ஜ் உள்ள முழு அயான் உடையாம 285 பக்கத்துல வந்து நின்னுச்சு. அதோட நிறை 570, சார்ஜ் 2, அதனால பாதி. அதுக்கப்புறம்தான் இந்த துறையில கூட்டம் சேர்ந்தது.

ஃபென் கூட அதே வருஷம் நோபல் வாங்கினவர் ஜப்பான்ல ஷிமாட்சு கம்பெனி இன்ஜினியர் கொய்ச்சி தனாகா. அவர் லேசர் முறையில பெரிய மாலிக்யூலை பறக்கவிட உதவினது, தவறுதலா ஒண்ணா கலந்துபோன கோபால்ட் நுண்பொடியும் கிளிசரினும்! கலந்தது கலந்துடுச்சு, வீணாக்க வேண்டாம்னு போட்டுப் பாத்திருக்கார். எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை, கேள்விக்கு வெளிய போயிட்டேன், மன்னிக்கணும்.

கோயம்புத்தூரிலிருந்து ஆராய்ச்சி மாணவர்: மேடம், நான் பண்ணது காப்பர் ரெண்டு பைபிரிடின் பெர்குளோரேட், கண்டிப்பா காப்பர் டூ (பிளஸ் 2 காப்பர்), நீல கலர்ல இருக்கு. ஆனா மாஸ்ல 375.07 தான் பெருசா வருது, அது காப்பர் ஒன்னுக்கு உள்ள நம்பர். பேப்பரை சரிபார்க்கிற ரெஃப்ரீ "உங்க காம்பவுண்ட் ரெட்யூஸ் ஆயிடுச்சு" (எலக்ட்ரான் வாங்கிடுச்சு)ன்னு எழுதிட்டார். என்ன பண்றது?

பதில்: ரெஃப்ரீ மேல தப்பு சொல்ல மாட்டேன், பீக் அப்படித்தான் சொல்லுது. ஆனா அந்த பீக் உங்க பாட்டில்ல இருந்ததை சொல்லல, மெஷினுக்குள்ள பறந்ததை சொல்லுது. இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு எடுத்துக்கிறதாலதான் இந்த துறையில பாதி சண்டை.

காப்பர் டூ கரைசல்ல இருக்கும்போது சுத்தி தண்ணி, சால்வென்ட், பெர்குளோரேட் எல்லாம் அந்த பிளஸ் 2-வை ஆத்திக்கிட்டு இருக்கு. துளி காஞ்சு சால்வென்ட் எல்லாம் போனதும் ரெண்டு பைபிரிடின் மட்டும் சேர்ந்து பிளஸ் 2-வை தாங்கணும், கஷ்டம். எங்கயாவது ஒரு எலக்ட்ரான் கிடைச்சா வாங்கிட்டு பிளஸ் 1 ஆகி நிம்மதியா இருக்கப் பாக்கும். அது சால்வென்ட் மாலிக்யூல் கிட்ட இருந்தும் வரலாம், கிளம்பிப் போற லிகண்ட் விட்டுட்டும் போகலாம். அசிட்டோநைட்ரைல்ல இது இன்னும் ஜாஸ்தி, ஏன்னா காப்பர் ஒன்னுக்கும் அசிட்டோநைட்ரைலுக்கும் அவ்வளவு ஒட்டுதல். 145-ல 147-ஓட ஒரு பீக் இருக்கான்னு பாருங்க, இருந்தா ரெண்டு அசிட்டோநைட்ரைல் பிடிச்ச காப்பர் ஒன், உங்க லிகண்ட் அங்க சுத்தமா இல்ல.

உங்களுக்கு சாதகமா ரெண்டு இடம் தேடுங்க. ஒண்ணு 474.02. அது ரெண்டு பைபிரிடின், ஒரு காப்பர், ஒரு பெர்குளோரேட், மொத்த சார்ஜ் பிளஸ் 1, அப்படின்னா காப்பர் இன்னும் பிளஸ் 2 தான். குளோரினும் காப்பரும் ஒண்ணா இருக்கிறதால 474, 476, 478 ஏறக்குறைய 100-க்கு 77-க்கு 14-னு வரும், அந்த வடிவத்தை யாரும் மறுக்க முடியாது. இன்னொண்ணு 187.53. அதுதான் ரெட்யூஸ் ஆகாத பிளஸ் 2 அயான். அங்க காப்பர் 63-க்கும் 65-க்கும் நடுவுல இடைவெளி 2 இருக்காது, 1 தான் இருக்கும், ஏன்னா எல்லாத்தையும் சார்ஜால வகுக்கிறோம். அது கிடைக்கணும்னா கோன் வோல்டேஜை (அயானை மெஷினுக்குள்ள இழுக்கிற வோல்டேஜ்) நல்லா குறைச்சு, சோர்ஸ் சூட்டையும் குறைச்சு, மெத்தனால்ல எடுக்கச் சொல்லுங்க. அப்பவும் வரலைன்னா ஆச்சரியப்படாதீங்க.

ஆனா ஒண்ணு, மாஸை வெச்சு ஆக்சிடேஷன் ஸ்டேட்டை நிரூபிக்கப் போறதே வீண் வேலை. ஈபிஆர் (ஒத்தை எலக்ட்ரானைக் கண்டுபிடிக்கிற ஸ்பெக்ட்ரோஸ்கோபி) எடுங்க, காப்பர் டூ-வுக்கு ஒத்தை எலக்ட்ரான் இருக்கு, காப்பர் ஒன்னுக்கு இல்ல, ஒரே ஸ்பெக்ட்ரத்துல முடிஞ்சது. மேக்னெடிக் மொமென்ட்டும் சேர்த்து குடுங்க. ரெஃப்ரீக்கு பதில் எழுதும்போது "மாஸ்ல தெரியிறது ஸ்ப்ரேயில நடந்த ரிடக்ஷன், திடப்பொருள்ல காப்பர் டூ-ங்கறதுக்கு ஈபிஆர் ஆதாரம்"னு ரெண்டு வரி போதும்.

இதுக்கு நேர் எதிரும் நடக்கும், தெரிஞ்சு வெச்சுக்கோங்க. பாசிட்டிவ் மோட்ல (பிளஸ் அயானை மட்டும் எடுக்கிற செட்டிங்) அந்த உலோக ஊசியே ஒரு ஆனோடு மாதிரி வேலை செய்யும், சுலபமா எலக்ட்ரான் குடுக்கிற காம்பவுண்ட் அங்க ஆக்சிடைஸ் ஆகிடும். ஃபெரோசீனுக்கு 187-ஐ எதிர்பார்த்தா 186 வந்து நிக்கிறது இதனாலதான், புரோட்டான் ஏறல, எலக்ட்ரான் போயிடுச்சு. கோபால்ட் டூ சாலனும் இப்படித்தான் 326-க்கு பதிலா 325-ல வந்து குழப்பும்.

இன்னொண்ணு, பெர்குளோரேட் உப்பை சுரண்டும்போது மெட்டல் ஸ்பாச்சுலா வேண்டாம், நிறைய சேத்தும் வைக்காதீங்க, வெடிக்கும். பேப்பர் வந்தா சந்தோஷம், விரலும் இருக்கணும்.

அதே கடிதத்துல இன்னொரு கேள்வி: நெகட்டிவ் மோட் எடுக்கணுமா?

பதில்: எடுங்க, அஞ்சு நிமிஷ வேலை. எந்த கவுன்டர் அயான் (சார்ஜை சரிக்கட்ட கூட வர்ற அயான்) இருக்குன்னு தெரிஞ்சிடும், பெர்குளோரேட் 99, டெட்ராஃப்ளூரோபோரேட் 87, ஹெக்ஸாஃப்ளூரோபாஸ்பேட் 145. மேல பாசிட்டிவ்ல ஒரு 145 சொன்னேன் இல்லையா, அது வேற இது வேற, ரிப்போர்ட்ல எந்த மோட்னு பாக்காம குழப்பிக்காதீங்க. ஈடிடிஏ மாதிரி மைனஸ் சார்ஜ் அதிகம் உள்ள லிகண்ட்னா நெகட்டிவ் மோட்தான் முதல்ல, இரும்பு த்ரீ ஈடிடிஏ 344-ல ஜம்முனு வரும்.

காரைக்குடியிலிருந்து: எங்க சாம்பிளை எடுத்துட்டுப் போனாலே மாஸ் ஆபரேட்டர் மூஞ்சியை சுளிக்கிறார். ஒரு தடவை திருப்பியே அனுப்பிட்டார். நாங்க எலக்ட்ரோகெமிஸ்ட்ரி குரூப். காசு கட்டித்தானே எடுக்கிறோம்?

பதில்: எலக்ட்ரோகெமிஸ்ட்ரி குரூப்னு சொன்னதுமே எனக்கும் மூஞ்சி சுளிஞ்சிடுச்சு, ஏன்னா நானும் மாஸ் ஆபரேட்டர் நாற்காலியில உக்காந்தவதான். உங்க சிவி (சைக்ளிக் வோல்டாமெட்ரி) செல்லுல இருந்த கரைசலை அப்படியே பாட்டில்ல ஊத்தி குடுத்திருப்பீங்க. அதுல டெட்ராபியூட்டைல் அம்மோனியம் உப்பு உங்க காம்ப்ளக்ஸை விட நூறு மடங்கு இருக்கும். அது மெஷினுக்குள்ள போச்சுன்னா 242.28-ல ஒரே ஒரு பீக், வானத்தை தொடுற மாதிரி, மத்தது எல்லாம் தரையோட தரையா கிடக்கும். உங்களுக்கு போனது பத்து நிமிஷம், எங்களுக்கு அடுத்து வர்ற ஒவ்வொரு சாம்பிள்லயும் 242 எட்டிப் பாக்கும், டியூபை மாத்தி, சோர்ஸை கழட்டி கழுவி, மெத்தனால் ஓடவிட்டு ஓடவிட்டு கழுவினாலும் லேசுல போகாது. ருதேனியம் பைபிரிடின் மாதிரி நிரந்தர சார்ஜ் உள்ள காம்ப்ளக்ஸும் இதே மாதிரி ஒட்டிக்கிற ஜாதி. பாஸ்ஃபீன் லிகண்ட் வெச்சு வேலை பாக்குறவங்க விட்டுட்டுப் போறது டிரைஃபினைல் பாஸ்ஃபீன் ஆக்சைடு, 279, 301, 579-னு குடும்பத்தோட வந்து தங்கும்.

அதனால கரைசலா குடுக்காதீங்க, கழுவி காய வெச்ச திடப்பொருளா குடுங்க. கரைச்சுத்தான் குடுக்கணும்னா ரொம்ப நீர்க்க குடுங்க. 330 எடையுள்ள காம்பவுண்ட் 1 மில்லிகிராமை 1 மில்லிலிட்டர்ல கரைச்சா அதுவே 3 மில்லிமோலார், எங்களுக்கு தேவை 10 மைக்ரோமோலார், அதாவது அதை இன்னும் 300 மடங்கு நீர்க்கணும். பாட்டில்ல கலர் கண்ணுக்கு நல்லா தெரிஞ்சாலே பெரும்பாலும் கெட்டின்னு அர்த்தம். 0.2 மைக்ரான் ஃபில்டர்ல வடிகட்டுங்க, ஊசி அடைச்சா கெட்ட பேரு யாருக்குன்னு சொல்ல வேண்டியதில்ல. டிஎம்எஸ்ஓ வேண்டாம், 189 டிகிரியில கொதிக்கிற சரக்கு, துளி காயாது, அது போக அதுவே உலோகத்துல போய் உக்காந்து உங்க லிகண்டை வெளிய தள்ளும்.

முக்கியமா சீட்டுல எழுதுங்க: "ஃபார்மிக் ஆசிட் போட வேண்டாம்". லேப்ல நாள் முழுக்க ஆர்கானிக் காம்பவுண்டும் பெப்டைடும்தான் வரும், அதுக்கு 0.1 சதவீதம் ஆசிட் சேர்க்கிறது பழக்கம், கை தானா போயிடும். அந்த ஆசிட்ல உங்க காம்ப்ளக்ஸ் பிரிஞ்சு வெறும் லிகண்ட் பீக்தான் வரும், நீங்க "சிந்தெசிஸே ஃபெயில்"னு உக்காந்து அழுவீங்க. மால்டிக்கும் (மேட்ரிக்ஸ்ங்கிற பொருளோட கலந்து லேசர் அடிக்கிற முறை) இதே பேச்சுதான், வழக்கமா போடுற மேட்ரிக்ஸ் எல்லாம் ஆசிட், சென்சிடிவ் காம்ப்ளக்ஸுக்கு ஆசிட் இல்லாத டிசிடிபி மாதிரி மேட்ரிக்ஸ் இருக்கான்னு கேளுங்க.

சீட்டுல எதிர்பார்க்கிற ஃபார்முலா, சார்ஜ், சால்வென்ட் மூணும் எழுதியிருந்தா எந்த ஆபரேட்டரும் சிரிச்ச மூஞ்சியோட எடுப்பார். நான் எடுப்பேன்.

தஞ்சாவூரிலிருந்து ஃபுட் டெக்னாலஜி மாணவர்: முருங்கைக்கீரையில குளோரோஃபில் ஏ எடுத்து எல்சி-மாஸ் (கலவையை ஒரு குழாய் வழியா ஓட்டி பிரிச்சு மாஸ் எடுக்கிறது) போட்டேன். 893.5 வரணும், 871.6 தான் வருது. 22 எங்க போச்சு?

பதில்: மெக்னீசியம் போச்சு. மெக்னீசியம் 24, அது காலி பண்ண இடத்துல ரெண்டு ஹைட்ரஜன் வந்து உக்காந்துடுச்சு, 24 போய் 2 வந்தா 22. இப்போ உங்ககிட்ட இருக்கிறது ஃபியோஃபைட்டின். மேல சொன்ன அதே ஃபார்மிக் ஆசிட்தான் பெரும்பாலும் காரணம், இல்லைன்னா கீரையை அரைக்கும்போதே அதோட சொந்த புளிப்பு வேலை பாத்திருக்கும், அதனால அரைக்கும்போது துளி மெக்னீசியம் கார்பனேட்டோ கால்சியம் கார்பனேட்டோ சேர்ப்பாங்க. கீரையில புளி ஊத்தி கொதிக்க விட்டா பச்சை போய் பாசி கலர் ஆகுதே, அதுவும் இதே ரியாக்ஷன்தான், அடுப்புல நடக்கிறது உங்க எல்சி குழாய்ல நடந்திருக்கு. எம்எஸ்எம்எஸ் (ஒரு அயானை மட்டும் பிடிச்சு உடைச்சு துண்டுகளைப் பாக்கிறது) போட்டா 871 உடைஞ்சு 593 வரும், ஃபைட்டால் வால் கழண்டு 278 போறது, அதை வெச்சு உறுதி பண்ணிக்கலாம்.

இதுல சுவாரசியம் என்னன்னா, மெக்னீசியம் போன இடத்துல காப்பர் ஏத்தினா மறுபடி பச்சை வரும், அந்தப் பச்சை ஆசிட்டுக்கு அசையாது. இ141-னு உணவு நிறமியா விக்கிறது அந்த காப்பர் ஜாதிதான். கடையில வாங்கின ரொம்பப் பளிச்சுனு இருக்கிற பச்சை ஐட்டம் ஏதாவது கிடைச்சா அதே முறையில எடுத்து 932.5 பக்கத்துல தேடிப் பாருங்க, கூடவே ரெண்டு தள்ளி காப்பர்-65 பங்கும் சேர்ந்து நல்லா தூக்கலா நிக்கும். மெக்னீசியத்துக்கும் 24, 25, 26-னு மூணு இருக்கு, ஆனா 24 கிட்டத்தட்ட 79 சதவீதம், அதனால ரெண்டு தள்ளி வர்ற பீக் அவ்வளவு உசரம் போகாது. நல்ல ப்ராஜக்ட், யாராவது பண்ணுங்க.

தூத்துக்குடியிலிருந்து, தண்ணி டெஸ்ட் லேப்ல வேலை பார்க்கிறவர்: எங்ககிட்ட ஐசிபி-மாஸ் (பிளாஸ்மா சூட்டுல அயானாக்குற மாஸ்) இருக்கு. அதுலயே காம்ப்ளக்ஸ் பாக்கலாமா?

பதில்: நேரா பாக்க முடியாது சார். ஆர்கான் பிளாஸ்மா 6000-லிருந்து 10000 கெல்வின் வரைக்கும் சூடு, லிகண்ட் எல்லாம் தூள் தூளாகி வெறும் உலோக அயான்தான் மிஞ்சும். எவ்வளவு காப்பர்னு சொல்லும், யார்கூட இருந்துச்சுன்னு சொல்லாது. முன்னாடி ஒரு எல்சி குழாய் போட்டு பிரிச்சுவிட்டா ஒவ்வொரு நேரத்துல வர்ற உலோகத்தையும் துல்லியமா எண்ணித் தரும், அதே குழாய்ல இன்னொரு தடவை ஈஎஸ்ஐ போட்டு அது என்ன மாலிக்யூல்னு பாக்கணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் முழு பதில்.

சென்னையிலிருந்து ஆராய்ச்சி மாணவி: நிக்கல்கூட லிகண்ட் 1:1, 1:2, 1:3 மூணும் மாஸ்ல தெரியுது. பீக் உயரத்தை வெச்சு ஸ்டெபிலிட்டி கான்ஸ்டன்ட் (காம்ப்ளக்ஸ் எவ்வளவு உறுதின்னு சொல்ற எண்) போடலாமா?

பதில்: போடாதீங்க. எத்தனை பேர் போட்டு பப்ளிஷ் பண்ணியிருந்தாலும் போடாதீங்க. 1:1 அயானும் 1:3 அயானும் துளியிலிருந்து ஒரே சுலபத்துல வெளிய வராது. வெளிப்பக்கம் எண்ணெய்ப்பசை மாதிரி ஆர்கானிக் பகுதி அதிகம் இருக்கிறது துளியோட மேற்பரப்புக்கு வந்து முதல்ல பறக்கும், தண்ணியை பிடிச்சுக்கிட்டு இருக்கிறது உள்ளயே கிடக்கும். சார்ஜ் இல்லாதது கண்ணுக்கே தெரியாது. அது போதாதுன்னு துளி சுருங்கும்போது கான்சன்ட்ரேஷன் ஏறிக்கிட்டே போகுது, பிஹெச் மாறுது, சமநிலை அங்கயே நகருது. கோன் வோல்டேஜை 10-லிருந்து 40 ஆக்கிப் பாருங்க, 1:3 கரைஞ்சு 1:2 வளரும், பாட்டில்ல ஒண்ணுமே மாறல! அப்போ எந்த உயரத்தை வெச்சு கணக்கு போடுவீங்க?

ஸ்டெபிலிட்டி கான்ஸ்டன்ட்டுக்கு பொட்டென்ஷியோமெட்ரியோ யுவி டைட்ரேஷனோ இருக்கு, அது செய்யட்டும். ஆனா அந்த டைட்ரேஷன்ல எந்தெந்த ஸ்பீசிஸ் இருக்குன்னு மாடல் போடும்போது, "1:3 உண்டா, ரெண்டு உலோகம் உள்ளது ஏதாவது உண்டா"ங்கற கேள்விக்கு மாஸ் மாதிரி சாட்சி கிடையாது. அதே மாதிரி கொஞ்ச நேரமே உயிரோட இருக்கிற ஆளைப் பிடிக்கிறதுலயும் இதுக்கு நிகர் இல்ல. ஜேக்கப்சன் எபாக்சிடேஷன்ல (ஆல்கீன் மேல ஆக்சிஜன் ஏத்துற ரியாக்ஷன்) மாங்கனீஸ் சாலன் மேல ஆக்சிஜன் ஏறின மாங்கனீஸ் ஃபைவ் ஆக்ஸோதான் நிஜமா வேலை செய்யிற ஆள்னு எல்லாரும் சொல்லிக்கிட்டு இருந்தாங்க, 1997-ல சூரிக் ஈடிஹெச்ல ஃபைக்டிங்கரும் பிளாட்னரும் எலக்ட்ரோஸ்ப்ரேயில அந்த அயானை நேராவே பிடிச்சு, அதை மெஷினுக்குள்ளயே வெச்சு ரியாக்ட் பண்ணியும் காட்டினாங்க. மாஸுக்கு ஏத்த வேலை அது.

ஐசோமர் பத்தியும் கேட்டிருக்கீங்க. சிஸ், டிரான்ஸ், ஃபேக், மெர் எல்லாத்துக்கும் ஒரே நிறை, சாதாரண மாஸ் பிரிக்காது. அயான் மொபிலிட்டி உள்ள மெஷின்னா உருவ வித்தியாசத்தை வெச்சு சில சமயம் பிரியும், இல்லைன்னா கிரிஸ்டல் வளருங்க.

மதுரையிலிருந்து: ஹெச்ஆர்எம்எஸ்ல (ரொம்பத் துல்லியமா நிறை அளக்கிற மாஸ்) 5 பிபிஎம்-க்குள்ள (பத்து லட்சத்துல 5 பங்கு) வரணும்னு ஜர்னல் கேக்குது, எனக்கு எப்பவும் ஒண்ணரை, ரெண்டு பிபிஎம் ஒரே பக்கமா தள்ளி வருது. அதுவும் கோபால்ட் காம்ப்ளக்ஸ், ஐசோடோப் பேட்டர்னும் இல்ல. எப்படி நம்புறது?

பதில்: ஒரே பக்கமா தள்ளுதுன்னா மெஷினை திட்டுறதுக்கு முன்னாடி உங்க கால்குலேட்டரைப் பாருங்க. ஃபார்முலா டைப் பண்ணி சார்ஜ் போடாம விட்டா சாஃப்ட்வேர் நியூட்ரலுக்கு கணக்கு போடும், போன எலக்ட்ரானோட எடை 0.00055 அதுல சேர்ந்தே இருக்கும். முதல் கேள்வியில வந்த காப்பர் சாலனுக்கு அப்படி போட்டா 330.0430, சரியானது 330.0424, இந்த ஒண்ணுலயே 1.7 பிபிஎம் போச்சு. எடை குறைஞ்ச அயானுக்கு இன்னும் ஜாஸ்தி தெரியும். பிளஸ் 1-னு சார்ஜ் போட்டு திரும்ப எடுங்க.

கோபால்ட் 59 ஒண்ணுதான் இயற்கையில, மாங்கனீஸ் 55, ரோடியம் 103, தங்கம் 197 எல்லாமே ஒத்தை ஆளுங்க, பல்லேடியம் மாதிரி ஆறு ஐசோடோப்போட கையெழுத்து போட்டுட்டு வர மாட்டாங்க. அதுக்காக விட்டுட வேண்டாம். எம்எஸ்எம்எஸ் போட்டு முழு லிகண்ட் ஒண்ணு கழண்டு விழுதான்னு பாருங்க. இன்னும் உறுதி வேணும்னா லிகண்ட்ல ஒரு மெத்தில் சேர்த்து அதே காம்ப்ளக்ஸை திரும்பப் பண்ணுங்க, ரெண்டு லிகண்ட் உள்ளதுன்னா 28 தள்ளணும், மூணுன்னா 42. தள்ளாத பீக்ல உங்க லிகண்ட் இல்லவே இல்ல, அதை லிஸ்ட்லேர்ந்து அடிச்சுடுங்க.